வெயிலுக்குக் குறியீடு போடவில்லை

ஜூலை 17, ஷார்ஜா

மருத்துவமனையில் இறப்புச் சான்றிதழ்களைப் படித்து, காரணத்துக்குரிய குறியீட்டைப் பதிவது என் வேலை. இன்று வந்த தாளில் டாக்டர் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதியிருந்தார். செத்தால் யாருக்குத்தான் நிற்காது? இறந்தவனுக்கு இருபத்தாறு வயது.

அவனுடைய ரூம்மேட் முருகேசன் கவுண்டரில் நின்றார். “கட்டட சைட்டுல, வெயில்ல சுருண்டு விழுந்தான் சார். தொட்டா உடம்பு நெருப்பாக் கொதிச்சுது.”

டாக்டரிடம் விளக்கம் கேட்டு எழுதலாம். பதில் வரும்வரை உடல் இங்கேயே கிடக்கும்.

“நாளைக்கு ஃப்ளைட்டுல அனுப்பிடணும் சார். அவங்கம்மா சாப்பிடாமக் கெடக்கு.”

டாக்டரிடம் கேட்கவில்லை. இதய நோய் வரிசையிலேயே பதிந்தேன். இந்தப் பதிவுகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இனி அதைத்தான் நம்புவார்கள்.

தாளை வாங்கிக்கொண்டு முருகேசன் கிளம்பினார். எங்கே என்று கேட்டேன்.

“டியூட்டிக்கு சார். அதே சைட்டுதான்.”