இரண்டு விரற்கடை பின்னால் வந்த சக்கரம்

இராஜபாளையம்
18.2.1988

அன்புள்ள மாப்பிள்ளை சோலைச்சாமிக்கு அத்தான் தனுஷ்கோடி எழுதுவது. இங்கே உன் அக்கா ரத்தினமும் பிள்ளைகளும் நலம். நானும் தின்கிறேன், தூங்குகிறேன்; நலம் என்று எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. திருப்பூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா?

மில் செய்தி ஒன்று. கட்டுத்துணி செக்‌ஷன் மேஸ்திரி தலைக்குச் சாயம் பூசி வந்தார். வேர்வையில் சாயம் வழிந்து சட்டைக் காலரும் சேர்ந்து இளமையாகிவிட்டது. இதையெல்லாம் எழுதி, சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

குடியரசு தினச் சைக்கிள் பந்தயத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் திரும்புமிடத்துக்கு வைத்திருந்த டிரம்மைச் சுற்றும்போது விழுந்தாயே, அது உன் தப்பு இல்லை மாப்பிள்ளை. என் தப்பு.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் நீ கான்சாபுரத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தாய். ஒல்லியாகச் சுவரில் சாய்ந்து நின்ற உன் ரேஸ் சைக்கிளைப் பார்த்ததும் என் நாற்பத்தாறு வயதுத் தொந்திக்கு ஆசை வந்துவிட்டது. ரயில்வே கேட் வரை ஓட்டினேன். பிரேக் எங்கே என்று தடவுவதற்குள் முன்னால் நின்ற மாட்டுவண்டி வந்துவிட்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்தான் பின்பக்கமாக வளைந்துவிட்டது.

சைக்கிள் கடைக்காரர் சேக் முகைதீன் பார்த்ததுமே சொன்னார்: "அண்ணாச்சி, இந்த போர்க் கீழ வரும்போது முன்னாடி வளைஞ்சு போகணும். அந்த வளைவு இருந்தாத்தான் ஹேண்டில் லேசா திரும்பும், ரோட்டுக் குலுக்கலும் கைக்கு ஏறாது. இப்ப வளைவு போச்சு, சக்கரம் ரெண்டு விரக்கடை பின்னால வந்துட்டு. நேரா போனா தெரியாது. ஒடிச்சுத் திருப்புனா மிதிக்கிற கால் டயர்ல இடிக்கும். மதுரையிலருந்து வேற போர்க் வரணும், ஒரு வாரம் ஆகும்." ஒரு வாரம் சைக்கிள் காணாமல் போனால் உனக்குத் தெரிந்துவிடும். "தொடச்சுக் குடுங்க பாய், போதும்" என்று வாங்கிவந்து அதே சுவரில் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு நீ, "ஹேண்டில் கனக்கு அத்தான், கையெல்லாம் அதிருது" என்றாய். "பொண்ணு பாத்துட்டு வந்தா அதிரத்தாம்லே செய்யும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நீ விழுந்த பிறகாவது வாயை மூடினேனா? எவனும் என்னைச் சந்தேகப்பட்டுவிடக் கூடாதென்று, "பய கரும்புச்சாறு கடையில நின்ன பொம்பளையப் பாத்துட்டான்" என்று கூட்டத்தில் எடுத்துவிட்டேன். அந்தப் பேச்சு உன் முழங்கால் காயம் ஆறுவதற்குள் கான்சாபுரம் போய்ச் சேர்ந்தது. நீ பார்த்துவந்த பெண் குருவம்மாளின் அப்பா பரிசத்தை நிறுத்திவைத்தார். நீயும் முகம் காட்ட மாட்டாமல் மில் வேலையை விட்டுப் போய்விட்டாய்.

நேற்று கான்சாபுரம் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசி யாரும் சிரிக்காத முதல் பேச்சு அதுதான். "நீங்க சொல்றத எப்பிடி நம்ப? அன்னைக்கும் நீங்கதான சொன்னிய" என்றார். உள்ளேயிருந்து குருவம்மாள், "அவியளே வந்து சொல்லட்டும்ப்பா. அதுவரைக்கும் வேற எடம் பாக்க வேண்டாம்" என்றாள். மாசி முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார் அவர்.

உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மாப்பிள்ளை, கிளம்பி வா. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு அக்காவை அனுப்புகிறேன். கான்சாபுரத்தில் மட்டும் உன் பக்கத்தில் நிற்க எனக்கு இடம் கொடு. இவன் விழவில்லை, நான்தான் தள்ளிவிட்டேன் என்று உன் முன்னாலேயே சொல்கிறேன். நீ பெண்டாட்டி பிள்ளைகளோடு நூறு வயசு நல்லா இருக்கணும்.

தலை நிமிராமல்,
உன் அத்தான்
தனுஷ்கோடி