மேசைக்கு ஏற்ற நிறம்

என் தங்க மகளே,

இது நானே எழுத்துக்கூட்டி எழுதும் முதல் கடிதம். கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரி. எனக்கும் சிரிப்பும் சந்தோஷமுமாகத்தான் இருக்கிறது.

உன்னோடு ஹோட்டலில் வேலை செய்யும் தனுஜா நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். "வெள்ளையா இருக்கிறவங்களத்தான் மேசைக்குப் பரிமாற விடுறாங்க மாமா. டிப்ஸும் அவங்களுக்குத்தான். ஒங்க மகளும் இப்ப ஏதோ கிரீம் பூசுறா" என்றாள்.

நீ கொஞ்ச நாளாக வீடியோவில் முகம் காட்டுவதில்லை. போனில் கேமரா உடைந்துவிட்டது என்கிறாய். அம்மா நம்புகிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உனக்கு அவள் நிறம். அந்த நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் அவளைக் கட்டினேன்.

முகம் எரிகிறதா, மகளே? தோல் உரிகிறதா?

பதில் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவேன். அந்த மேசையில் உட்கார்ந்து, உன் கையால்தான் தேத்தண்ணி வேண்டும் என்று கேட்பேன்.

உன் அப்பா