மாடிப்படியில் நிற்கும் ஒற்றைக் கட்டில்

வெஸ்ட் ஆல்டன், மாசசூசெட்ஸ்
16 பிப்ரவரி 1947, ஞாயிறு

அன்புள்ள லூவுக்கு,

உன் தியோ எழுதிக்கொள்வது. நான் நலம். என் பொறாமையும் நலம்; வேளாவேளைக்குத் தின்று கொழுத்துப்போயிருக்கிறது. நீயும் உன் கடற்படை அலுவலகமும், அங்கே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்துக்கிடக்கும் புரொபசர்களும் சுகமென்று நம்புகிறேன். புரொபசர்கள் கொஞ்சம் குறைந்த சுகத்தோடு இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் கடிதமும் பேரிக்காய்ப் பெட்டியும் வெள்ளிக்கிழமை வந்தன. அந்தப் புரொபசர் பெனிமன் உனக்கு அனுப்பியதை நீ எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறாய். எவனோ என் பெண்டாட்டிக்குக் கொடுத்த பழத்தை நான் தொடுவேனா என்று முதலில் வீறாப்பாகத்தான் இருந்தேன். பிறகு ஒன்றைக் கடித்தேன். தேனாக இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரம். சொத்தையாக ஒன்றுகூட அனுப்பத் தெரியவில்லையே அந்த மனுஷனுக்கு!

இங்கே பனி கொட்டுகிறது. நம் கல்லூரியின் பாய்லர் கிழவி இருமிக்கொண்டே இருக்கிறாள். கரி போட்டுப் போட்டு என் தோள் இறங்கிவிட்டது. நூலக அறை மட்டும் சூடாகவே மாட்டேன் என்கிறது. உன் பழைய மாணவிகள் என்னைப் பார்த்தால், “மிஸ் ஹார்ட்வெல் எப்ப வராங்க, மிஸ்டர் பரன்? உங்களுக்குத் தெரியாம இருக்குமா?” என்று கேட்கிறார்கள். “எனக்கு எப்படிம்மா தெரியும், நான் கரி அள்ளுறவன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். கல்யாணமான ஆசிரியைக்கு இந்தக் கல்லூரியில் இடமில்லை என்ற ஒரு பாழாய்ப்போன வழக்கத்துக்காக, என் சம்சாரத்தை நாலு வருஷமாக நானும் மிஸ் ஹார்ட்வெல் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வாய் பழகிவிட்டது. மனசுதான் பழக மாட்டேன் என்கிறது.

வாஷிங்டன் வந்தவன் ஏன் சொல்லிக்கொள்ளாமல் ஓடினாய் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், கேள்.

சொல்லாமல் வந்து உன்னை அசத்த வேண்டும் என்றுதான் வந்தேன். பிராட்டில்பரோவில் கல்யாணப் பதிவாளர் முன்னால் நின்றபோது போட்ட சூட்டையே போட்டுக்கொண்டேன். இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. உனக்குச் சிரிக்க ஒரு காரணம் என்று விட்டுவிட்டேன். உன் அலுவலக வாசலில் பார்த்தால், புரொபசர்கள் ஒருத்தரையொருத்தர் ஓரக்கண்ணால் அளந்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியாதா? கஷ்டகாலத்தில் நீ வேலை கேட்டு ஊர் ஊராக எழுதினபோது, பெண் என்றால் எங்களுக்குத் தோதுப்படாது என்று பதில் போட்டார்களே, அந்த வர்க்கம். போரில் நியூயார்க்கில் உட்கார்ந்து பீரங்கிக்குக் குறி வைக்கிற கணக்கெல்லாம் நீ போட்டாய். போர் முடிந்தது. இனிமேலும் கணக்கு ஆராய்ச்சிக்குப் பணத்தை நாங்களே அள்ளிக்கொடுக்கிறோம் என்று கடற்படை சொல்லி, அகப்பையை உன் கையில் கொடுத்துவிட்டது. பந்தியில் அகப்பை பிடித்தவர் முகத்தைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்! எனக்கு ஒரே குஷி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர், “நீங்க எந்த யுனிவர்சிட்டி?” என்று விசாரித்தார். நான் உள்ளதைத்தான் சொன்னேன்: “யுனிவர்சிட்டி எல்லாம் இல்லைங்க. கரி அள்ளிப் போடுறவன்.” மனிதர் என் தோளில் தட்டிச் சிரித்தார். “பிரமாதம்! நாம எல்லாருமே அதத்தானே பண்றோம்!” என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்னைத் தன் ஜாதியில் சேர்த்துக்கொண்டார். அவர்தான் உன் பேரிக்காய்ப் பெனிமன் என்று அப்புறம்தான் தெரிந்தது. மனைவி போய் ஐந்து வருஷமாம். பணம் கேட்க வந்தது பாதி, வேறொன்று கேட்க வந்தது பாதியாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மிஸ் ஹார்ட்வெல் உங்களுக்குப் பழக்கமா? அவங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டார் பார், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல்!

என் வாய் சும்மா இருக்குமா? “அங்க காலேஜ்ல ஒருத்தன் இருக்கான்னு கேள்வி. மொரட்டு ஆளு. பார்த்து நடந்துக்குங்க” என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “சேச்சே, இருக்காதுங்க. மூணு வருஷமாப் பழகறேன். அப்படி ஒருத்தர் இருந்தா ஒரு தடவையாச்சும் பேச்சுவாக்குல வந்திருக்குமே” என்றார்.

பேச்சுவாக்கில்கூட வரவில்லையாம், லூ.

அப்போதுதான் கதவு திறந்தது. நீ வந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. நான் சத்தியம் பண்ணுவேன், எரிந்தது. அடுத்த நொடி சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாய், அதை ஊதி அணைத்தாய். “இவர் மிஸ்டர் பரன், எங்க காலேஜ் பாய்லரைப் பாத்துக்கறவர்” என்றாய். கையை நீட்டினாய். கட்டின புருஷனுடைய கையைப் பிடித்துக் குலுக்கின பெண்டாட்டியை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? நானும் குலுக்கினேன். “நெஜமாவே கரிதானா!” என்று பெனிமன் வாயைப் பிளந்தார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், நகைச்சுவை நன்றாகத்தானே இருந்தது.

ஆனால் அதற்காக நான் போகவில்லை. அதைத் தாங்கியிருப்பேன். நீ பெனிமனை உள்ளே அழைத்துப்போனாய், கதவு முழுக்கச் சாத்தவில்லை. இரண்டு பேரும் கரும்பலகை முன்னால் நின்றீர்கள். அவர் என்னமோ எழுதினார். நீ உள்ளங்கையால் பாதியை அழித்துவிட்டு உன்னுடையதை எழுதினாய். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் வீட்டுச் சிரிப்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு மில்லுக்குப் போனவனால் அந்தப் பலகையில் எதை அழித்து எதை எழுத முடியும்? எழுந்தேன், ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அவர் உன்னிடம் கேட்டதையும் நீ மறுத்ததையும் எழுதியிருக்கிறாய். வேலைதான் என் வாழ்க்கை என்று சொல்லி மறுத்தாயாம். பொய்யில்லை. ஆனால் அதைவிடச் சின்னதாக, சுலபமாக ஒரு பதில் உன் கையில் இருந்தது, அதைத்தான் நீ சொல்லவில்லை. பெனிமன்மேல் எனக்கு அவ்வளவு பொறாமையில்லை. மீசைமேல் கொஞ்சம் உண்டு. உன்னை வேண்டாம் என்று கதவடைத்தவர்களெல்லாம் இன்று சொந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு உன் அறைக்குள் நுழைகிறார்கள். உன்னை வேண்டும் என்றவன் வெளியே வேறு யாராகவோ உட்கார்ந்திருக்கிறேன். என் வயிறு எரிவது அதற்குத்தான்.

இனி நீ கேட்ட விஷயம். கடற்படை நிரந்தர வேலை தருகிறது, அங்கே கல்யாணத்தைப் பற்றிக் கேள்வியில்லை; நம் கல்லூரியோ கணிதத் துறைத் தலைமையையே உனக்குத் தருகிறது, ஆனால் மிஸ் ஹார்ட்வெல்லாகவே வர வேண்டும். வரும் வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீயே முடிவு பண்ணு தியோ என்கிறாய். கெட்டிக்காரிதான் நீ! அந்தத் துறைக்காக எத்தனை வருஷம் ஏங்கினாய் என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளைகளுக்கு நீ பாடம் சொல்வதைக் நீராவிக் குழாய் சரிபார்க்கிற சாக்கில் எத்தனை நாள் வெளியே நின்று கேட்டிருக்கிறேன்! ஒன்றும் புரியாது, ஆனால் நகர மனசு வராது. அதை வேண்டாம் என்று நான் சொன்னால் சாகும்வரை அது நம் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருக்கும்.

படுப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. பிரின்ஸிபால் மிஸ் கிம்பல் வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, ஆசிரியைகள் விடுதியின் மூன்றாவது மாடிக்கு ஒரு கட்டிலைத் தூக்கச் சொன்னார். ஆண் வாடையே ஆகாத இடம் அது. குழாய்க்காரன் மட்டும் ஆண் கணக்கில் சேர்த்தியில்லை. “மிஸ் ஹார்ட்வெல்லுக்கு, பரன். அவங்க கட்டாயம் வந்துருவாங்க” என்றார். ஒற்றைக் கட்டில், அதுவும் கையகலம். “இதுல புரண்டாக் கீழ விழுந்துருவாங்களே, மேடம்” என்றேன். “தனியாப் படுக்கறவங்களுக்குப் புரள எதுக்கு எடம்?” என்றார். கூடவே படியேறிக்கொண்டு சொன்னார்: “கல்யாணம் காட்சின்னு கண்டதுல மனசை விடாத பொண்ணு. அவங்க மூளையில எந்த ஆம்பளையும் பங்கு கேக்கல. அதான் இவ்வளவு தூரம் வந்தாங்க.”

எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம், லூ. மூளை முழுக்க உனக்கே இருக்கட்டும்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கட்டிலை இறக்கிவைத்துவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது என்றேன். முதுகுக்கு ஒன்றுமில்லை. நாலு நாளாக அது அங்கேயே நிற்கிறது. ஆசிரியைகள் ஒருக்களித்து ஏறி இறங்குகிறார்கள், என்னைத் திட்டுகிறார்கள். வேறு ஆளை வைத்துத் தூக்கிக்கொள்கிறேன் என்று மிஸ் கிம்பல் மிரட்டுகிறார். வேறு ஆள் வேண்டாம். தூக்கு என்று நீ ஒரு வரி எழுது, நானே தூக்கிக் கொண்டுபோய்ப் போடுகிறேன், அந்த அறைக் குழாயையும் நன்றாகச் சூடாக்கித் தருகிறேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். இறக்கு என்று எழுதினால் நிம்மதியாக இறக்குவேன்; வாஷிங்டனிலும் பாய்லர் இருக்கும்தானே. எதுவாக இருந்தாலும் நீ எழுது. என்னை எழுதச் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு. காபியை மட்டும் குடித்துக்கொண்டு கணக்குப் போடாதே. அங்கேயும் பனி வழுக்கும், பார்த்து நட. கடவுள் உனக்குத் துணை. நானும்தான். யாராவது கேட்டால், என்னையும் சேர்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்
தியோஃபில் பரன்