தேசம்மா, இந்த வருடக் கண் முகாம் இரண்டு முறை நடந்தது

என் பிரியமுள்ள தேசம்மாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இருந்தபோது மட்டும் எழுதினாயா என்று கேட்பாய். அப்போது எதற்கு எழுத வேண்டும்? பழவேற்காட்டில் என் தையல் கடை வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஊர்க்கதை மொத்தத்தையும் பேசித் தீர்த்த பிறகுதானே நீ மார்க்கெட்டுக்கே போவாய். இப்போது பேச ஆளில்லாமல் வாய் நமநமவென்கிறது.

உங்கள் குப்பத்தில் நாம் வருடா வருடம் நடத்தும் கண் முகாம் இந்த வருடமும் நடந்தது. அதுவும் இரண்டு முறை. பெருமைக்காகச் சொல்லவில்லை. முதல் முகாம் நடந்த லட்சணத்தில்தான் இரண்டாவது தேவைப்பட்டது.

நீ இருந்தவரை தேதி குறிப்பது உன் வேலை. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேசுவதும், பந்தலும் நாற்காலியும் ஏற்பாடு செய்வதும் என் வேலை. இந்த வருடம் தேதியையும் நானே குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்தேன். டவுன்காரி புத்தி வேறு எப்படிப் போகும்?

ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்று உங்கள் ஊர்கள் கூடி முறை வைத்திருக்கின்றன. அதைப் பாடு என்கிறீர்கள். முகத்துவாரத்துப் பக்கம் இறால் விழுகிற இடத்தில் உங்கள் குப்பத்துக்குப் பாடு வருவது எப்போதோ ஒரு நாள். அந்த நாளில் கல்யாணமே இருந்தாலும் வலையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் குறித்த ஞாயிறு அந்த நாள்தான்.

நினைத்துப் பார். பந்தல் போட்டாயிற்று. டாக்டர், இரண்டு நர்சுகள், பெட்டி பெட்டியாகக் கருவிகள் எல்லாம் வந்தாயிற்று. முகாம் வேலைக்கு வரும் நம் பெண்கள் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஊரில் ஆளில்லை. ஆண்கள் ஏரியில், பெண்கள் இறால் இறங்கும் கரையில். பந்தலுக்கு வந்தது மூன்று கிழவிகளும் ஓர் ஆடும். ஆடு பிஸ்கட்டுக்காக வந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரிப் பெண் என் பக்கத்தில் வந்து, "அடுத்த வருசம் வேற ஊர்ல வச்சிக்கலாமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. நான் பந்தலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். உன் முகாமை ஒரே வருடத்தில் தொலைத்துவிட்டேனே என்று அழுதேன்.

ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே என்று கேட்கிறாயா? நானும் அதைத்தான் கேட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்களாம். "ஏழுமலையே சரின்னு சொல்லிட்டாராமே, நாங்க இன்னா சொல்றது?" என்றார்கள்.

அது உண்மைதான். நோட்டீஸை உன் வீட்டு எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று உன் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டேன். "ஏழுமலை, தேதி சரியா இருக்குதா பாருப்பா." அவர் வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். "சரிதாங்க்கா" என்றார்.

முகாமுக்கு மறுநாள் நியாயம் கேட்க உன் வீட்டுக்குப் போனேன். எனக்கு வந்த கோபத்துக்கு உட்காரக்கூட இல்லை. "வேணும்னே பண்ணியாப்பா? அவ போயிட்டா முகாமும் போவட்டும்னு நெனச்சியா?" என்று கத்திவிட்டேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கு அந்த நோட்டீஸ் தெரியலக்கா. சுவத்துல ஏதோ வெள்ளையா கீதுன்னு மட்டும்தான் தெரிஞ்சிது. அப்புறமா நம்ம பாடு அன்னிக்குத்தான் முகாமுன்னு தெரிஞ்சப்போ சொல்ல வாய் வரல."

எத்தனை நாளாய் என்றேன். ரெண்டு மூணு வருசமா என்றார். தேசம்மாவுக்குத் தெரியுமா என்றேன். "அவளுக்குத் தெரியாம? வெளியில சொல்லாதன்னு அவ கையப் புடிச்சிக் கேட்டுக்கினேன். கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா எவன் என்னோட வலைக்கு வருவான்? கரையில குந்த வச்சிடுவானுங்க."

தேசம்மா, உன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்கப் போவதில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, வரமாட்டேன் என்றவர்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தாயே. பசியாவரத்திலிருந்தும் சுண்ணாம்புக்குளத்திலிருந்தும் ஆட்களை வரவழைத்தாயே. உன் வீட்டுக்காரர் அதே பந்தலில் நாற்காலி தூக்கிக்கொண்டும் டீ கொடுத்துக்கொண்டும் திரிந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு வருடமும், இந்த வருடமாவது தானாக வந்து உட்காருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே கத்திக் கூப்பாடு போட்டிருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவர் என்னிடமும் அதையே கேட்டார், யாரிடமும் சொல்லாதே என்று. உனக்காக ஒப்புக்கொண்டேன். ஆனால் இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு வருவேன், நீ வந்து உட்கார வேண்டும் என்றேன். அவர் மறுபடி வலையை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை நடந்தேன். இரண்டாவது தடவை ஒரு கிலோ இறாலுடன் போனேன் என்று யாரிடமும் சொல்லாதே. கடைசி வாய்ப்பு என்று சொல்லி ஒரு தேதி கொடுத்தார்கள். இந்த முறை ஊர்ப் பெரியவர்களிடம் போய், பாடு எப்போது, யார் யாருக்கு என்று கேட்டுக் கேட்டுக் குறித்த தேதி. புதன்கிழமை வந்தது. புதன்கிழமையே இருக்கட்டும் என்றேன்.

அன்றைக்கு ஆட்கள் வந்தார்கள். ஆனால் பந்தலுக்கு வெளியிலேயே நின்றார்கள். ஆபரேஷன் என்றால் கத்தி வைப்பான், கட்டுப் போட்டு மாசக்கணக்கில் உட்கார வைப்பான் என்று ஒருவருக்கொருவர் பயம் காட்டிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு ஒரு பெண், "போன தபா நம்ம பாடு அன்னிக்கு வச்சி நம்மள ஏமாத்துச்சே இந்த டவுனு அம்மா" என்று என் காது படவே சொன்னாள். எனக்கு முகம் செத்துவிட்டது.

ஏழுமலை நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்தார். மைக் பக்கம் போனார். அதைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நூரக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. அது என்னாண்ட தேதி கேட்டுச்சு. நான்தான் பாக்காமலே சரின்னுட்டேன். ஏன்னா எனக்குக் கண்ணு தெரியல. மூணு வருசமாத் தெரியல."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். இனி இவரை யார் வலைக்குக் கூட்டிப் போவார்கள் என்றுதான் எனக்குள் ஓடியது.

அவரோடு வலைக்குப் போகிற முனுசாமி கூட்டத்திலிருந்து சத்தம் போட்டார். "அத்த இப்பதான் சொல்றியா மாமா? எங்களுக்குத் தெரியாதா? இம்மா நாளா எதுக்கு கயித்த எடுத்து எடுத்து உன் கையில குடுக்குறேன்னு நெனச்ச? போய் குந்து. நான் உன் பின்னாடி குந்துறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வரிசை பந்தலைத் தாண்டிப் போனது, தேசம்மா. டீ தீர்ந்து மறுபடி போட வேண்டியிருந்தது. போகும்போது அந்த ஆஸ்பத்திரிப் பெண் அடுத்த வருடத் தேதியை அவளாகவே கேட்டாள். பாடு பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏழுமலையின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் வலைக்குப் போகாத நாட்களில் முனுசாமிதான் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து வைத்தார்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் என் கடைக்கு வந்தார். வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

"இன்னாக்கா, இவ்ளோ நரைச்சிப் போச்சி?"

"போடா, இத சொல்லத்தான் கண்ண சரி பண்ணியா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கடைசி ரெண்டு மூணு வருசம் அவ மூஞ்சி எனக்கு சரியாத் தெரியலக்கா. அவளுக்கும் நரைச்சிருந்துச்சா?"

நான் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். காதோரம் கொஞ்சம், என்றேன். வலது பக்கம் கூடுதல். சிரித்தால் கண்ணுக்குக் கீழே ரெண்டு கோடு விழும். வேறு என்ன என்று கேட்டார். சொன்னேன்.

இனி அவர் எப்போது வந்து கேட்டாலும், கையில் எந்த வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டு, நீ எப்படி இருந்தாய் என்று சொல்லுவேன். ஒன்றையும் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காத உன் அக்கா,
நூர்ஜஹான்