ஆடும் கட்டிலைத் துறந்த கதை

சேசு மரி சூசை

கொல்லம், 1953 தவக்காலம்

அன்புள்ள அம்மாவுக்கு லாசர் முழந்தாளிட்டு எழுதும் தோத்திரம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா கடலுக்குப் போகிறாரா?

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உங்கள் மகன் தன் ஆஸ்தி அனைத்தையும் துறந்துவிட்டான். ஆஸ்தி என்பது சாமியார் படிப்புக்கு வந்த இந்தக் குருமடத்தில் தந்த கட்டில். அதிலும் ஒரு கால் ஆடும். தவக்காலத்தில் ஆளுக்கொரு பொருளை விட்டுக்கொடுக்க வேண்டும். புதிதாக வந்த தொம்மைக்குக் கட்டில் இல்லை. "ஏலே மக்கா, நீ ஏறிக் கெட" என்று கொடுத்துவிட்டேன்.

கோயிலில் எல்லார் முன்னிலையிலும் சாமியார், "பாத்தியளா பிள்ளைகளே, விட்டுக்கொடுத்தவனுக்குத்தான் மெய்யான சந்தோஷம்" என்றார். நானும் பீடத்தில் நிற்கும் சுரூபம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் நம் பழைய ஓலைப்பாயைக் கொடுத்தனுப்புங்கள். மணல் ஒட்டியிருந்தால் தட்ட வேண்டாம்.

ஜெபத்துக்கு மணி அடிக்கிறது. அம்மா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வந்த நாள் முதல் அந்தக் கட்டிலில் எனக்கு உறக்கமே இல்லை. ஊருக்கு ஓடி வந்துவிடலாமென்றுகூட இருந்தேன். தரையில் படுத்த பிறகுதான், கடற்கரையில் அப்பா பக்கத்தில் கிடந்ததுபோல உறங்குகிறேன். இனி ஓடி வரமாட்டேன். சாமியார் சொன்ன சந்தோஷம் உண்மைதான். ஆனால் நான் எதையுமே விட்டுக்கொடுக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் மகன்,
லாசர்