ஆமினா அம்மாவும் காவ்யாவின் மனுவும்

அன்புள்ள கன்னியம்மா அக்காவுக்குத் தம்பி திருமுருகனின் வணக்கம். நான் ராஜா மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி?

இங்கே நகரசபை கேன்டீனில் நான் போடும் காபியில்தான் ஐரோப்பாவே கண் விழிக்கிறது. ஆப்பிரிக்காவில் பிறந்த ஆமினா அம்மா இங்கே கவுன்சிலர். அவர் பேச எழுந்தாலே ஒரு வெள்ளைக்கார மெம்பர் அவரைப் பார்த்து, "ஏய், காபி கொண்டு வா" என்பான். போன வாரமும் சொன்னான். அந்தம்மா அசரவில்லை. "நான் முடிக்கும்வரை தாகமாகவே இருங்கள்" என்று ஒரு மணி நேரம் பேசினார்.

பிறகு அவன் காபிக்கு என்னிடம் வந்தான். "இன்னா நைனா, அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுகினு வா, அப்பால காபி" என்றேன். தமிழில்தான் சொன்னேன், சபை முழுக்கப் புரிந்துபோய்க் கைதட்டியது! மறுநாளே என்னைப் பாத்திரம் கழுவும் அறைக்குத் தலைவனாக்கிவிட்டார்கள். அங்கே நான் ஒருவன்தான்.

"காலனிப் பொண்ணுக்கு வார்டு மெம்பர் நாற்காலி கேக்குதா" என்று நம்ம வேப்பம்பட்டில் எவனோ சொன்னதற்காக, உன் மகள் காவ்யாவின் வேட்புமனுவை வாபஸ் வாங்கச் சொன்னாயாமே? போனில் அழுதாள். வாங்கக் கூடாது. தாய்மாமன் சொல்கிறேன்.

நீ அரைத்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பு. காவ்யா படம் போட்ட நோட்டீஸும் ஒன்று வை. நான் நின்று கழுவும் இடத்தில் சுவர் காலியாகக் கிடக்கிறது.

தட்டுகள் குவிந்துவிட்டன, நிறுத்துகிறேன்.

தம்பி
திருமுருகன்