ரதிக்குக் கொடுக்காத வெள்ளைச் சேலை

என் பெண்சாதி சிகப்பாயி அறிய, ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்திலிருந்து வீரமுத்து சொல்ல, கடைக்கார மக்கீன் நானா எழுதுவது. நான் சுகம். நீயும் ஆடுகளும் சுகமா? எனக்குக் கொஞ்சம் இருமல் மட்டும் உண்டு, பயப்படாதே.

மாசியில் காமன் கூத்து நடந்தது. பதினெட்டு வருஷமாக வேஷத்துக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது நான்தான். ரதியின் சேலையைப் பார்த்துத்தான் தப்பு மேளம் அடிக்கும் தப்புக்காரர் அடியை மாற்றுவார். மஞ்சள் என்றால் கல்யாண அடி, வெள்ளை என்றால் ஒப்பாரி அடி. காமன் எரிந்ததும், ரதி வேஷம் கட்டிய சின்னத்தம்பி வெள்ளைக்குக் கை நீட்டினான். அதை எடுத்த நேரம் பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. உனக்கே கட்டக் கொடுப்பதுபோல் இருந்தது. மஞ்சளோடேயே போடா என்று அவனை அனுப்பிவிட்டேன். தப்புக்காரரும் கல்யாண அடியை எடுத்துவிட்டார்.

“யோவ் பெரியவரே, புருசன் எரிஞ்ச எடத்துல யாருக்குய்யா கல்யாணம்?” என்றார் கங்காணி. சனமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஊரிலிருந்து வரும் ஆளிடம் சித்தரத்தை கொஞ்சம் கொடுத்தனுப்பு. ஊருக்கு வரத் துரையிடம் கேட்டிருக்கிறேன். சித்திரை கழியட்டும் என்கிறார். மக்கீன் நானா கடை திறக்க அவசரப்படுகிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னைப் பற்றி யார் வந்து என்ன சொன்னாலும், என் கைநாட்டு இல்லாத கடிதத்தை நம்பாதே.